தெலுக் பாத்திக்கில் தூங்கும் கடல் செராத்திங்கில் துள்ளுவது ஏன்?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கடலுக்குப் போகலாம் என்றால் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் பெயர் தெலுக் பாத்திக். அடுத்தது பங்கோர் தீவு. அங்கே பெரும்பாலான நாள்களில் முழங்கால் உயரத்துக்கு அலை வந்தாலே பெரிது. ஆனால், டிசம்பர் மாதம் பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். நீண்ட பலகையில் நின்றபடி அலைமேல் சறுக்கி வருகிறவர்களைக் காணலாம். இந்த அலைச்சறுக்கு விளையாட்டைப் புதிதாகக் கற்பவர்களும் அங்கே வருகிறார்கள்.

இரண்டுமே மணற்கரைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தெரிந்தால், அலை முன்னறிவிப்பைப் படிக்கவும் தெரிந்துவிடும். பலகை பக்கமே போகாதவர்களுக்கும் அது பயன்படும். ஓர் உயிரைக் காப்பாற்றவும் கூடும்.

காற்று ஓடும் தூரம்

கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயக்குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பலமான காற்று அடித்தாலும் குட்டையில் சிற்றலைகள்தான் எழும். காற்று நீரைத் தள்ளிக்கொண்டு ஓட அங்கே இடம் இல்லை. அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் நீரின்மேல் அது ஓடும் தூரம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலை வளராது.

இப்போது வரைபடத்தை எடுங்கள். பேராக் கரைக்கு எதிரே மலாக்கா நீரிணை. அதைத் தாண்டி ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் சுமத்ரா தீவு சுவர்போல் நிற்கிறது. இந்தியப் பெருங்கடலின் பெரிய அலைகளை அந்தச் சுவர் மறித்துவிடுகிறது. நீரிணைக்குள் பிறக்கும் அலைக்கும் வளர இடம் போதாது. நம் கடல் தூங்குவது இதனால்தான்.

செராத்திங்கின் கதை வேறு. அது தென்சீனக் கடலைப் பார்த்திருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்தத் திறந்த கடலின்மேல் நாள்கணக்கில் வீசுகிறது. வேகம், நேரம், தூரம் மூன்றும் கூடுவதால் கரைக்கு அலைகள் வரிசையாக வந்து சேர்கின்றன.

நகர்வது நீர் அல்ல

லாலான் புல்வெளியில் காற்று வீசினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலை ஓடும். ஆனால் எந்தப் புல்லும் இடம் மாறுவதில்லை. ஆழ்கடலிலும் அப்படித்தான். நீர்த்துளிகள் ஏறக்குறைய வட்டமாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே திரும்புகின்றன. பயணம் போவது ஆற்றல் மட்டும். படிவம் 4 இயற்பியலில் ‘கெலொம்பாங்’ என்று நீங்கள் படிப்பதும் இதைத்தான்.

கரையை நெருங்கும்போது அலையின் அடிப்பகுதி கடல்தரையை உணர்கிறது. அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. அதாவது, 1 மீட்டர் அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். தரை மெல்லச் சரிந்தால் அலையும் மெல்லச் சிதறி, வெண்ணுரையாக நெடுந்தூரம் உருண்டு வரும். புதியவர்கள் பழகுவதற்கு ஏற்றது அந்த வெண்ணுரைதான்.

முன்னறிவிப்பில் மூன்று எண்கள்

முதல் எண் அலை உயரம். ‘1 மீட்டர்’ என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று பொருள் இல்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். அவ்வப்போது அதன் இரு மடங்கு உயரத்திலும் ஓர் அலை வரலாம்.

இரண்டாவது எண் அலைவுக்காலம். ஓர் அலைமுகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை வினாடி ஆகிறது என்பது அது. பலரும் கவனிக்காமல் விடும் எண் இதுதான். ஆழ்கடலில் அலையின் வேகம் காண அலைவுக்காலத்தை 1.56 ஆல் பெருக்குங்கள். 5 வினாடி அலை வினாடிக்கு 7.8 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் ஓடும். 15 வினாடி அலையோ மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டுக்கும் உயரம் ஒன்றாகவே இருந்தாலும், ஒவ்வொரு வினாடியும் 15 வினாடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் மூன்று மடங்கு. ஆழம் குறையும்போது அது இன்னும் அதிகமாக நிமிர்ந்து எழும்.

மூன்றாவது எண் காற்று. கடலிலிருந்து கரைநோக்கிப் பலமாக வீசினால் அலை கலைந்து குழம்பும். நிலத்திலிருந்து மெல்ல வீசினால் அலைமுகம் சீராகும். ஆனால் அந்தக் காற்றே பலத்தால், பலகையோடு ஆளைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும்.

வானம் தெளிவு, கடல் ஆபத்து

அலைக்கூட்டத்தின் ஆற்றல், தனி அலையின் வேகத்தில் பாதி வேகத்தில் பயணம் செய்கிறது. 15 வினாடி அலைக்கு அது மணிக்கு 42 கிலோமீட்டர். ஒரு நாளில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்! 1963இல் வால்ட்டர் முங்க் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞரும் அவர் குழுவினரும், தென்கோளத்துப் புயல்களில் பிறந்த அலைகளைப் பசிபிக் முழுதும் தொடர்ந்து அளந்தார்கள். அவை அலாஸ்கா வரை போய்ச் சேர்ந்தன.

இதன் பொருளைக் கவனியுங்கள். புயல் ஓரிடத்தில், அலை வேறிடத்தில். நம் தலைக்கு மேல் மேகமே இல்லாத நாளிலும் பெரிய அலை வரலாம். கேரள மீனவர்கள் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர் வைத்தார்கள். கள்ளன்போல் சத்தமில்லாமல் வரும் கடல். 2024 மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்நாள்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் ஐந்து உயிர்கள் போயின.

தென்சீனக் கடலில் அலைவுக்காலம் பெரும்பாலும் 10 வினாடிக்குக் குறைவு. செராத்திங் புதியவர்களுக்கு ஏற்றதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கே அலை கிடைக்கும் பருவமும் கடல் கொந்தளிக்கும் பருவமும் ஒன்றே. பருவக்காற்று வலுக்கும் நாள்களில் மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வெளியிடும். கரையில் சிவப்புக் கொடி ஏறும். அன்று பலகைக்கும் விடுமுறை, குளியலுக்கும் விடுமுறை.

அமைதியாகத் தெரியும் இடம்

இன்னொன்றையும் மறக்காதீர்கள். அலைகள் கரையில் குவிக்கும் நீர் எங்காவது வழி தேடித் திரும்பத்தான் வேண்டும். அது குறுகிய பாதையில் கடலுக்குள் பாய்வதுதான் இழுநீரோட்டம். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருமையாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நுரை அங்கே கடலை நோக்கி ஓடினால் ஐயமே வேண்டாம். தெரியாதவர்கள் ‘இங்கேதான் அமைதி’ என்று அங்கேயே இறங்குவார்கள்.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். வலிமைதான் தீரும். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு கரைக்கு வாருங்கள். கரையில் நிற்பவர் உடனே குதிக்காமல், மிதக்கும் பொருள் எதையாவது எறிந்துவிட்டு உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். லுமுட், செராத்திங் இரண்டு இடங்களின் அலை முன்னறிவிப்பை இணையத்தில் தேடி, ஏழு நாள்களுக்கு உயரம், அலைவுக்காலம், காற்று மூன்றையும் அட்டவணையில் எழுதுங்கள். எந்த நாளில் எந்தக் கடலில் உங்கள் தம்பியை இறங்க விடுவீர்கள், ஏன் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு கடலுக்குக் கிளம்பும்போது அந்த மூன்று எண்களையும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.