அம்மாவுக்குக் கிடைக்காத மேடை... பேத்தி வரை பாடவைத்த டி.கே.பட்டம்மாள்!

காஞ்சிபுரத்தில் வாழ்ந்த ராஜம்மாளுக்கு நன்றாகப் பாட வரும். ஆனால், வெளியாட்கள் முன்னால் பாடக் கூடாது. உறவுக்காரர்கள், தோழிகள் முன்னால்கூட அனுமதி கிடையாது. அன்றைய பிராமணக் குடும்பங்களின் கட்டுப்பாடு அப்படி.

அந்த ராஜம்மாளின் மகள்தான் டி.கே.பட்டம்மாள்.

1919 மார்ச் 19-ல் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் அலமேலு. வீட்டில் செல்லமாக 'பட்டா'. அப்பா தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர் மகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். ஆனாலும், ஊரார் முன் பாடவைக்க அவருக்கே தயக்கம் இருந்தது. பள்ளித் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள்தான் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைப் போக்கினார். 10 வயதில் மெட்ராஸ் வானொலி, 1932-ல் 13 வயதில் ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி.

அதற்கு முன்பு மேடையில் பெண்களே இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வீணை தனம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் புகழோடு இருந்த காலம்தான் அது. பிராமணக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் கச்சேரி மேடை ஏறியதுதான் புதிது. இன்னொன்றும் புதிது. ராகம் தானம் பல்லவி! ஒரே ஒரு வரியைத் தாளம் பிசகாமல் பல வேகங்களில் பாடிக் காட்டும் கணக்கு அது. 'ஆண்கள் சமாசாரம்' என்று ஒதுக்கிவைத்திருந்த அதைக் கச்சேரிகளில் அநாயாசமாகப் பாடினார் பட்டம்மாள். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வந்துவிட்டது.

1939-ல் ஈஸ்வரனுடன் திருமணம். கல்யாணத்தோடு பாட்டு நின்றுபோன எத்தனையோ பெண்கள் இருந்த காலத்தில், இங்கே நிற்கவில்லை. சினிமாவிலும் பாடினார். ஆனால், பக்திப் பாடல்களும் தேசப் பாடல்களும் மட்டும்தான். டூயட்டுக்கு 'முடியாது' என்று சொல்லிவிடுவார். 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

வீட்டுக்குள் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். முதலில் தம்பி. அக்காவிடமே பாட்டு கற்று, அக்காவுடன் மேடையில் அமர்ந்து பாடிய டி.கே.ஜெயராமன் பின்னாளில் சங்கீத கலாநிதி ஆனார். அக்கா அந்தப் பட்டத்தை 1970-லேயே வாங்கிவிட்டார்!

அடுத்து மகன் சிவகுமார். பாலக்காடு மணி ஐயரிடம் மிருதங்கம் கற்றவர். பிறகு அந்த குருவின் மகள் லலிதாவையே மணந்துகொண்டார். மணி ஐயரோ பெண்களின் பாட்டுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்த மேதை. அவரே கடைசியில் சம்பந்தி அம்மாளின் பாட்டுக்கு மிருதங்கம் வாசித்தார்.

புகுந்த வீட்டுக்கு வந்த லலிதாவுக்கு மாமியாரே குரு. கச்சேரிகளில் பின்னால் அமர்ந்து மாமியாருக்குக் குரல் துணை கொடுத்தார். மாமியார் - மருமகள் என்றாலே அடுப்படிச் சண்டையைக் காட்டும் சீரியல்களுக்கு இந்தக் கதை சரிப்பட்டு வராது. வீட்டுப் பெண் வெளியில் பாடக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர், தன் வீட்டுக்கு வந்த பெண்ணைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போனார் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

அந்த லலிதாவின் மகள் நித்யஸ்ரீ மகாதேவன். அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்று, பாட்டியின் கச்சேரிகளில் உடன் பாடிப் பழகியவர். 1987-ல் தனியாகக் கச்சேரி செய்யத் தொடங்கினார். 1998-ல் 'ஜீன்ஸ்' படத்தில் 'கண்ணோடு காண்பதெல்லாம்' பாடியபோது தமிழ்நாடே யார் இந்தக் குரல் என்று கேட்டது. அதே ஆண்டுதான் பாட்டிக்கு பத்ம விபூஷண்.

பாட்டியும் சும்மா இருக்கவில்லை. 2000-ல் வெளியான 'ஹே ராம்' படத்தில் 'வைஷ்ணவ ஜனதோ' ஒலிக்கிறதே, அது 80 வயதைத் தொட்ட பட்டம்மாளின் குரல். 2009 ஜூலை 16 அன்று, 90 வயதில் சென்னையில் காலமானார்.

இப்போது கொள்ளுப்பேத்தி லாவண்யா சுந்தரராமனும் மேடையில் பாடுகிறார். ராஜம்மாளிலிருந்து எண்ணினால், ஐந்தாவது தலைமுறை.