கிளட்ச் பெடல் கீழே போயிடுச்சா? எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி ஒரு அட்டையை விரிங்க

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டேக்ஸும் இல்ல. என் பழைய கார், அது வச்ச செலவு, அதுல நான் பண்ண ஒரு கஞ்சத்தனம். அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம், ஆபீஸ் விடுற நேரம். கிளட்சை மிதிச்சேன், பெடல் தரையோட ஒட்டிக்கிச்சு, மேல வரல. கியர் விழல. பின்னாடி நிக்கிறவங்க ஹாரன் அடிக்கிற அடியில நமக்கு வேர்க்குது. கால் விரலால பெடலைத் தூக்கி நாலஞ்சு தடவை மிதிச்சதும் ஃபர்ஸ்ட் கியர் விழுந்துச்சு. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல பானெட்டைக்கூட திறக்காம, "கிளட்ச் செட் போயிடுச்சு சார், 18,500 ஆகும்"னு சொல்லிட்டாங்க. உங்கள்ல பல பேர் இந்த இடத்துலதான் கிரெடிட் கார்டை எடுப்பீங்க. எடுக்காதீங்க. முதல்ல கோளாறு எங்கேன்னு தெரியணும்.

மாருதி 800, ஆல்ட்டோ மாதிரி வண்டியில கிளட்சை இழுக்கிறது ஒரு கேபிள். ஹைட்ராலிக் கிளட்ச்ல கேபிளுக்குப் பதிலா ஆயில். பெடல் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அது குழாய் வழியா கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்சை விடுவிக்கும். அந்த ஆயில் வேற எதுவும் இல்ல, பிரேக் ஆயில்தான். நிறைய கார்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அதனால கிளட்ச் ஆயில் குறையுதுன்னா அதைப் பிரேக் விஷயமாவும் எடுத்துக்கணும்.

கிளட்ச் பிளேட் தேஞ்சா என்ன ஆகும்? ஆக்சிலேட்டர் மிதிச்சா என்ஜின் கத்தும், வண்டி நகராது. பெடல் தொளதொளன்னு கீழே போறது, ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு சத்தம், நாலு தடவை மிதிச்சா கியர் விழறது எல்லாம் பெரும்பாலும் ஆயில் லீக், இல்லன்னா உள்ள காத்து புகுந்ததோட அடையாளம். ரெண்டையும் குழப்பிக்கிட்டா 18,500 குடுத்து பிளேட்டை மாத்துவீங்க, பெடல் அப்பவும் கீழேயே கிடக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் போன்ல ரெண்டே வேலைதான் சொன்னார். ஆயில் டப்பால இப்ப இருக்கிற அளவுக்கு ஒரு மார்க் போடு. ராத்திரி வண்டிக்குக் கீழ வெள்ளை அட்டை விரிச்சு வை.

காலையில அட்டை காஞ்சிருந்துச்சு. டப்பால அளவு மட்டும் குறைஞ்சிருந்துச்சு. வெளியே சொட்டலன்னா எங்கதான் போகுது? அண்ணன் வந்து பெடலுக்கு மேல, டேஷ்போர்டுக்குள்ள கையை விட்டார். விரல் வழவழன்னு ஈரமா வந்துச்சு. மாஸ்டர் சிலிண்டர் பின்பக்க சீல் போய், ஆயில் பெடல் வழியா இறங்கி கார்ப்பெட்ல ஊறியிருக்கு. மூணு வாரமா நான் அதை ஏசி தண்ணின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்!

அட்டையில கறை விழுந்திருந்தா கதை வேற. இளமஞ்சளா, தொட்டா வழுக்கி, தண்ணி ஊத்தினா கரைஞ்சு போனா பிரேக் ஆயில். கரையாம மிதந்தா என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ. ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியுற வண்டின்னா அதோட ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தாலே ஈரம் தெரியும். சில மாடல்ல அது பெல் ஹவுசிங்குக்கு உள்ள இருக்கும். அங்கிருந்து பிரேக் ஆயில் சொட்டினா கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், செலவுல பெரிசு லேபர்தான். அப்படி இறக்கும்போது பிளேட்டு தேஞ்சிருந்தாலோ, ஆயில்ல ஊறியிருந்தாலோ அப்பவே மாத்திடுங்க. ஆறு மாசம் கழிச்சு அதே லேபரை இன்னொரு தடவை குடுக்கிறதுதான் நஷ்டம்.

என் கேஸுக்கு வர்றேன். அண்ணன் ரெண்டு வழி சொன்னார். சீல் கிட் மட்டும் போட்டா லேபரோட 900. முழு மாஸ்டர் சிலிண்டரையே மாத்தினா 3,800. "உள்ள துரு குழி விழுந்திருக்கு சார், புது சீலையும் அறுத்துடும்"னு அவர் சொன்னார். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், வருஷக்கணக்கா மாத்தலன்னா சிலிண்டர் உள்ளேயே அரிக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின நாள்ல இருந்து நான் மாத்தவே இல்ல. (பெரும்பாலான மேனுவல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கும்.) ஆனா சி.ஏ. மூளை 900-ஐத்தான் பார்த்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு கோட்டக்குப்பம் தாண்டி ஈசிஆர்ல மறுபடியும் அதே பெடல். டோயிங் 1,500, அப்புறம் அதே 3,800. மொத்தம் 6,200.

இதுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ண முடியுமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. முடியாது. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சேராது. ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா டோயிங் மட்டும் மிச்சம். எனக்கு அதுவும் இல்ல.

இந்த மாதிரி நேரத்துல, "இந்த வண்டிக்கு ஏற்கெனவே எவ்வளவோ போட்டாச்சு, வித்துட்டு புதுசு வாங்கிடலாம்"னு தோணும். போட்ட காசு போனதுதான், அது கணக்குலயே வரக்கூடாது. அடுத்த 12 மாசத்துக்கு இந்த வண்டி என்ன கேட்கும்னு மட்டும் பாருங்க. 5 லட்சம் லோன், 9 சதவீதம், 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 10,380. ஒர்க்‌ஷாப் சொன்ன 18,500 உண்மையாவே தேவைப்பட்டிருந்தாக்கூட ரெண்டு மாச இஎம்ஐ அளவுதான். பாடி துரு பிடிக்காம, என்ஜின் நல்லா இருந்தா நான் ரிப்பேர் பக்கம்தான். ஒண்ணே ஒண்ணு, ஆர்சியில 15 வருஷம் முடியப் போகுதான்னு பார்த்துக்கோங்க. ரினியூவல் கட்டணம், ஃபிட்னஸுக்காக வர்ற வேலை எல்லாத்தையும் அந்த 12 மாசக் கணக்குல சேர்க்கணும்.

பழைய கார் ரிப்பேரை எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுக்காதீங்க. எப்ப வரும்னு தெரியாது, ஆனா வரும்னு தெரியும். அதுக்கு எமர்ஜென்சின்னு பேர் வைக்க முடியாது. நான் மாசம் 1,500 தனி ஆர்டியில போடறேன்.

முக்கியமா இன்னொண்ணு. அவசரத்துக்குன்னு டப்பால என்ஜின் ஆயில் ஊத்திடாதீங்க. ரப்பர் சீல் எல்லாம் உப்பிப் போயிடும், கிளட்சோட பிரேக்கும் சேர்ந்து போகும். மூடியில என்ன எழுதியிருக்கோ, டாட் 3 இல்ல டாட் 4, சீல் உடைக்காத புது பாட்டில்ல இருந்து அதை மட்டும் ஊத்துங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, பெயின்டை உரிச்சுடும்.

வேலை முடிஞ்சு வண்டி எடுக்கும்போது ஏர் எடுத்தாங்களான்னு கேளுங்க, பழைய பாகத்தைக் கையில வாங்குங்க, பில்லும் வாங்குங்க. டேக்ஸுக்கு இல்ல, சம்பளக்காரங்களுக்கு சொந்தக் கார் ரிப்பேர்ல ஒரு கழிவும் கிடையாது. பாகத்துக்கு வாரன்டி கேட்கப் போனா பில்தான் பேசும். அப்புறம் என்ஜின் சூடா இருக்கும்போது பத்து தடவை ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. அன்னைக்கு ராத்திரியும் அட்டையை விரிச்சு வைங்க.