பாப்பா தலையில் பொருக்கா? பதற வேண்டாம்!

"பச்சைக் குழந்தையை இப்படியா அழுக்கா வெச்சிருப்பே?"

விருத்தாசலத்தில் என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரனைப் பார்க்க வந்த சம்பந்தியம்மாள் கேட்ட கேள்வி இது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த பெண்ணுக்கு முகம் சுண்டிப் போயிற்று. குழந்தைக்கு ஒன்றரை மாதம். உச்சியில் மஞ்சள் மெழுகை உருக்கி ஊற்றினாற்போல் பிசுபிசுவென்று பொருக்கு, புருவத்திலும் கொஞ்சம். அம்மாள் நகத்தால் ஒரு செதிலைப் பெயர்க்க, அந்த இடம் சிவந்து ரத்தம் கசிந்தது. பெண் உள்ளே போய் அழுதாள்.

சிநேகிதி பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்ப்பவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்குமாம். அதை ஈர ஸ்பாஞ்சால் பதமாகத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். முரட்டுத்தனமாகச் சுரண்டினால் மூக்கே கையோடு வந்துவிடும். "களிமண்ணையே நனைச்சுத்தான் துடைக்கிறோம் சம்பந்தியம்மா. இது பச்சை மண்ணாச்சே, நகத்தை வெக்கலாமா?" என்றாள் அவள். டாக்டர் சொல்வதும் ஏறக்குறைய அதேதான்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அழுக்கு அல்ல. தாயின் கவனக்குறைவும் அல்ல. பாலும் காரணமில்லை, பத்தியமும் காரணமில்லை. ஒட்டுவாரொட்டியும் கிடையாது. கர்ப்பத்தில் தாயிடமிருந்து சேயிடம் சென்ற ஹார்மோன்களால், பிறந்த பிறகும் சில மாதங்கள் குழந்தையின் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. கசியும் எண்ணெயில், உதிர வேண்டிய செதில்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே போய்விடும். குழந்தைக்கு அரிப்போ வலியோ சாதாரணமாக இருப்பதில்லை. பார்க்கும் நமக்குத்தான் வேதனை.

உச்சியில் ஏன் அதிகம் சேர்கிறது தெரியுமா? உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்து, அங்கே கை வைக்கவே பயந்து, எண்ணெயை மட்டும் வைத்துவிட்டுத் தேய்க்காமல் விட்டுவிடுகிறோம். அந்தக் குழியின் மேல் கெட்டியான சவ்வு இருக்கிறது. விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுவதால் ஒன்றும் ஆகாது.

என்ன செய்யலாம்? தேங்காய் எண்ணெய் அல்லது பேபி ஆயில் சில சொட்டு எடுத்துப் பொருக்கின் மேல் தடவி, கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஊற விடுங்கள். மெல்லிய துணியாலோ குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்ஷாலோ இலேசாகத் தேய்த்தால் தளர்ந்தது தானாக வரும். பிறகு குழந்தை ஷாம்பு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெய் துளியும் நிற்காமல் அலசிவிடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எண்ணெயைத் தலையிலேயே நிறுத்தினால் செதில் இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வராததை அடுத்த குளியலுக்கு விடுங்கள். செதிலோடு நாலு முடி வந்தாலும் கவலையில்லை, மறுபடி முளைக்கும்.

கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பிஞ்சுத் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. சீயக்காய், எலுமிச்சை வேண்டாம். எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைக் கட்டாயம் நிறுத்துங்கள். கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் கைக்குழந்தைக்கு வலிப்பே வரலாம். பெரியவர்களின் பொடுகு ஷாம்புவையும் நாமாகப் போடக் கூடாது. தேவையென்றால் கீட்டோகோனசோல் கலந்த மருந்தையோ, வீரியம் குறைந்த ஸ்டீராய்டு கிரீமையோ எத்தனை நாள் என்று கணக்குச் சொல்லி டாக்டரே கொடுப்பார். நம் பக்கத்து வெயிலில் இறுக்கமான குல்லாயும் எதற்கு?

பொருக்கிலிருந்து நீரோ சீழோ வடிந்தால், துர்நாற்றம் அடித்தால், காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முடி வட்டவட்டமாகக் கொட்டினால் படையாக இருக்கலாம். குழந்தை தலையை ஓயாமல் தேய்த்து அழுதால் கரப்பானாக இருக்கலாம். உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து, பேதியும் எடை ஏறாமையும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

சிநேகிதி வீட்டில் ஒரு மாதத்தில் தலை சுத்தமாகிவிட்டது. நடுவில் சம்பந்தியம்மாள், "குலதெய்வத்துக்கு மொட்டை போட்டா சரியாயிடும்" என்றாராம். மொட்டையால் பொருக்கு போகாது. பொருக்கின் மேல் கத்தி பட்டால் காயமாகிச் சீழ் வைக்கும். பொருக்கு உதிர்ந்த பிறகு போடலாம் என்று பெண்ணே எடுத்துச் சொல்ல, அவரும் சரியென்று ஒப்புக்கொண்டார்.