அத்தை எழுதிய கார்டுகளும் ஒட்டடை நெல்லும்

வங்கியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடை ஊர். வந்த வருஷமே நவம்பரில் கஜா புயல். பின்கட்டு ஓடெல்லாம் சரிந்தது. அதை ஒதுக்கும்போது பரணிலிருந்து அம்மாவின் தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே பழைய புடவையில் சுற்றிய கடிதங்கள். எல்லாம் அத்தை எனக்கு எழுதியவை.

மாற்றலாகிப் போகும்போதெல்லாம் 'இது எதுக்கு சுமை' என்று நான் ஊரில் போட்டுவிட்டுப் போனவை. அம்மா ஒன்றைக்கூட எறியவில்லை. வங்கிக்காரன் புத்தி, முதலில் எண்ணித்தான் பார்த்தேன். கார்டும் இன்லேண்டுமாக 94 இருந்தன.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். பதினெட்டு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தார். தாத்தா ஒன்பது மா நிலத்தை அவர் பொறுப்பில் விட்டார். ஒரு பெண்பிள்ளை வரப்பில் நின்று வேலை வாங்குவதை ஊர் பலவிதமாகப் பேசியது. அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. கடிதத்தில் புள்ளியும் இருக்காது, கமாவும் இருக்காது. 'சிரஞ்சீவி தம்பிக்கு அத்தை ஆசீர்வாதம் இங்கு அனைவரும் நலம் உன் நலம் அறிய ஆவல்' என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே வயலுக்குப் போய்விடுவார்.

வயல் பேசிய கடிதங்கள்

படிக்கும் காலத்தில் எனக்கு அவை அலுப்பாக இருந்தன. 'மழை இல்லை', 'வாய்க்காலில் தண்ணீர் வந்தது', 'தழைக்குக் கொளிஞ்சியும் பூவரசும் வெட்டிப் போட்டோம்', 'கிடைக்காரன் வந்து நாலு ராத்திரி ஆடு கட்டினான்'. விடுதியில் இருக்கும் பையனுக்கு இதில் என்ன இருக்கிறது? இப்போது தேதிவாரியாக அடுக்கிப் படித்தபோதுதான், எங்கள் நிலத்தின் இருபது வருஷக் கணக்குப் புத்தகமே அது என்று தெரிந்தது.

1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் பெரும்புயல் அடித்தது நினைவிருக்கும். நான் அப்போது திருச்சியில் கல்லூரியில் இருந்தேன், அங்கேயும் வெள்ளம். பத்து நாள் கழித்து வந்த அத்தையின் கார்டில், வீடு பற்றி ஒரே வரி. மீதியெல்லாம் நெல்தான்: 'ஒட்டடை ஒரு வாரம் தண்ணிக்குள் கிடந்தது செத்துப்போச்சு என்று அழுதேன் தண்ணி வடிந்து நாலாம் நாள் தலை தூக்கிவிட்டது சாமி இருக்கிறது'.

ஒரு நடவு, இரண்டு அறுப்பு

ஒட்டடை என்பது எங்கள் பக்கத்துப் பழைய நீண்ட கால நெல். ஒட்டடையான் என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய 200 நாள் பயிர். இதைத் தனியாக நடுவதைவிடக் குறுவையோடு கலந்து நடுவதுதான் வழக்கம். அதற்கு 'ஊடு' என்று பெயர். இரண்டு விதையையும் கலந்தே நாற்றுவிட்டு, ஒன்றாகவே நடுவார்கள். புரட்டாசியில் குறுவை கதிர் முற்றியதும் அறுத்துவிடுவார்கள். கூடவே அறுபட்ட ஒட்டடை, தாளிலிருந்து மறுபடி துளிர்த்து வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து தை மாதம் அறுப்புக்கு வரும்.

கடைமடைக்காரனுக்கு இது ஏன் தேவைப்பட்டது? மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் நமக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். குறுவை அறுத்து, மறுபடி உழுது, தாளடி நடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். இளநாற்று மூழ்கி அழுகும். ஊடில் அந்த இரண்டாம் உழவும் இல்லை, இரண்டாம் நடவும் இல்லை. வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் வெள்ளத்தையும் தாங்கும். 1960-களில் ஆடுதுறை 27 மாதிரி குறுகிய கால ரகங்களும் உரமும் வந்தபின் மேல்மடையில் இருபோகம் பரவி, ஊடு மறைந்துபோனது. எங்கள் ஊரில் கடைசிவரை விடாமல் செய்தவர்களில் அத்தை ஒருவர்.

நான் நிரப்பிய படிவம்

1987-ல் நான் அதிகாரியாகி, ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு கிளைக்கு வந்தேன். பயிர்க்கடன் இலக்கு தலைக்குமேல் தொங்கியது. அத்தைக்குக் கடன் தேவையே இல்லை. நான்தான் போய் உட்கார்ந்து, "இன்னும் எத்தனை நாள் அத்தை இப்படியே? உரம் போட்டா மாவுக்கு நாலு மூட்டை கூட வரும்" என்று பேசிக் கையெழுத்து வாங்கினேன்.

படிவத்தில் பயிரின் பெயர் எழுத வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் அளவு அட்டவணையில் இருக்கும். கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமாகவும் மருந்தாகவும். அந்த அட்டவணையில் 'ஊடு' என்று ஒரு பயிர் இல்லை. "கலந்து நட்டால் எந்தக் கணக்கில் எழுதுவது? தனி நடவாகப் போடுங்கள்" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா?" என்றார். அதைப் பாராட்டு என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து, அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போன என்னைத் தேடி ஒரு கார்டு வந்தது. இந்தப் பெட்டியில் அதுவும் இருந்தது. '1990 ஆனி' என்று மேலே எழுதியிருக்கிறார்.

'ஒட்டடை விதைக்கோட்டையை இன்று அவிழ்த்தேன் நொச்சி வேம்பு வைத்துக் கட்டியதுதான் பூச்சி இல்லை ஒரு படி ஊற வைத்தேன் நாலு நாள் ஆகியும் முளை வரவில்லை மூன்று வருஷம் ஆனால் எப்படி வரும் தெரிந்தவர்களிடம் கேட்டேன் ஒருவரிடமும் இல்லை நீ வருத்தப்படாதே கடன் பூராவும் கட்டிவிட்டேன் ரசீது இருக்கிறது'.

அதற்கு நான் எழுதிய பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: 'பரவாயில்லை அத்தை, டிப்போவில் நல்ல விதை கிடைக்கும்.' அத்தை அதன்பின் எழுதிய கடிதங்களில் விதை பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1998-ல் காலமானார். கடனுக்கு ரசீது கொடுத்தோம். அந்த விதைக்கு யார் ரசீது கொடுப்பது?

திரும்பத் தேடியது

கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. "அமாவாசை வெயில்ல விதை காயப்போடுவா. அன்னிக்கு ஒரு பிள்ளையும் களத்துப் பக்கம் போகக்கூடாது, அவ்வளவு கண்டிப்பு" என்று சிரித்தார். அத்தையிடம் நடவு நட்ட மூதாட்டி ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தேன். "குறுவை நாலு மரக்கா, ஒட்டடை ஒரு மரக்கா. அதுதான் தம்பி உங்க அத்தை கணக்கு" என்றார். பெட்டியில் ஒரு கார்டிலும் அதே கணக்கு இருந்தது.

விதைக்கு எங்கே போவது? திருத்துறைப்பூண்டியில் 'நெல்' ஜெயராமன் அய்யா 2006 முதல் நடத்திய நெல் திருவிழா பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோ திருப்பித் தர வேண்டும். அந்த வழியில் வந்த உழவர் ஒருவரிடமிருந்து எனக்கு ஒட்டடையான் இரண்டு கிலோ கிடைத்தது. விளைந்த கதிரை மூதாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உருவிப் பார்த்து, "ஒட்டடைதான். ஆனா நம்ம வயல்ல இருந்தது இது இல்ல தம்பி" என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை, கை சொல்கிறது என்றார்.

முதல் வருஷம் ஒரு மாவில் ஊடு நட்டுத் தோற்றேன். குறுவையை அடியோடு அறுக்கவிட்டதில் ஒட்டடை சரியாகத் துளிர்க்கவில்லை. மறுபடி கடிதங்களைப் புரட்டினேன். 1981 கார்டு ஒன்றில் ஆள்களைத் திட்டியிருக்கிறார்: 'ஒரு சாண் தாள் விட்டு அறுக்கச் சொன்னேன் தரையோடு இழுத்துவிட்டார்கள்'. மறு வருஷம் ஒரு சாண் விட்டோம். கையறுப்புதான், இயந்திரம் விடவில்லை. அறுத்ததும் தண்ணீர் கட்டி, ஜீவாமிர்தம் விட்டேன். தையில் கதிர் வந்தது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் அத்தை செய்கிற மாதிரியே உளுந்தும் தெளித்தேன். பெரிய மகசூல் என்று சொல்ல மாட்டேன். விதைக்கும் வீட்டுக்கும் போதும். திருப்பித் தர வேண்டிய நாலு கிலோவையும் தந்துவிட்டேன்.

கலப்பு வயலுக்குக் கையறுப்பு ஆள் கிடைப்பது இன்றைக்குக் கஷ்டம், கூலியும் அதிகம். அதனால் எல்லோரும் ஊடுக்கு மாறுங்கள் என்று சொல்லவில்லை. வெள்ளம் நிற்கிற பள்ள வயல் உள்ளவர்கள் ஒரு மாவில் செய்து பார்க்கலாம்.

உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். கடிதம், நெல் கணக்கு நோட்டு, கூலி எழுதிய டைரி ஏதாவது இருக்கும். தேதிவாரியாக அடுக்கிப் படியுங்கள். நெல்லின் பெயர், விதைத்த நாள், வெள்ளம் வந்த வருஷம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். புரியாததை வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேளுங்கள். நடவாள், ஆடு கிடை போட்டவர் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள்.

இந்த வருஷம் விதைக்கோட்டை நானே கட்டினேன். வைக்கோல் புரி பிரிந்து இரண்டு தரம் சரிந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி, "உங்க அத்தை பார்த்தா திட்டுவா" என்றார். திட்டட்டும் என்று மூன்றாம் தரம் கட்டிச் சாணம் மெழுகி வைத்திருக்கிறேன். மேலே சுண்ணாம்பில் வருஷம் எழுதியிருக்கிறேன், மறந்து ஒரு வருஷம்கூட அது சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காக.