கடையில் வாங்கிய நீலச் சட்டை

ஷ்ஷ்... சத்தம் போடாமல் பின்னாலேயே வாருங்கள். முன்வாசல் வேண்டாம், அங்கே 1,14,580 பேர் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். இடம்: மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம். நாள்: 1986 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. சூரியன் உச்சந்தலைக்கு வரும் பன்னிரண்டு மணிக்கு உலகக் கோப்பைக் காலிறுதி. அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதுகின்றன.

என்ன நடந்தது என்று கால்பந்து ரசிகர் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார். 51வது நிமிடத்தில் மரடோனா கையால் ஒரு கோல் போட்டார். நாலு நிமிடம் கழித்துக் காலால் ஒன்று போட்டார். 81வது நிமிடத்தில் இங்கிலாந்தின் லினேகர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். 2-1, ஆட்டம் முடிந்தது. அந்தப் படச்சுருளைத் தேயத் தேய ஓட்டிப் பார்த்தாயிற்று. நமக்கு வேண்டியது அதன் பின்கட்டு. ஊசி நூல், சோப்பு நுரை, சிறுநீர்க் குப்பி, வியர்வையில் நனைந்த சட்டை. ருசியெல்லாம் அங்கேதான் இருக்கிறது!

தையல் அறை

ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, அர்ஜென்டினா அணி தங்கியிருக்கும், கிளப் அமெரிக்கா என்ற உள்ளூர்க் கால்பந்து மன்றத்தின் வளாகத்துக்குள் எட்டிப் பாருங்கள். பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். வியூகம் போட முடியாமலா? அதெல்லாம் தயார். துணிதான் பிரச்சினை!

இங்கிலாந்து வெள்ளையில் இறங்கும். அர்ஜென்டினாவின் வழக்கமான வெள்ளை, வான்நீலக் கோட்டுச் சட்டை அதோடு குழம்பிவிடும் என்பதால் அடர்நீலம் போட வேண்டும். அதே நீலத்தில்தான் முந்தைய சுற்றில் உருகுவேயை ஜெயித்தார்கள். ஆனால் அது கெட்டிப் பருத்தி. வியர்வையைக் குடித்துக் குடித்து ஈரச்சாக்கு மாதிரி கனத்துவிடும். ஊரோ கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகம். சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். அங்கே பட்டப்பகல் வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஈரச்சாக்கைச் சுமப்பது யார்?

சட்டை தயாரித்த லெ காக் ஸ்போர்ட்டிஃப் நிறுவனத்திடம் மெல்லிசாகக் கேட்டுப் பார்த்தார்கள். அதற்குள் முடியாது என்று பதில் வந்தது. நிர்வாகக் குழுவிலிருந்த ரூபென் மோஸ்கெல்லா நேராகக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி பிள்ளைக்குச் சட்டை தேடி அலையும் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஓட்டம்! இரண்டு வகை நீலச் சட்டையோடு வந்தார். இதுவா, அதுவா என்று பிலார்டோ புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் மரடோனா வந்தார். ஒன்றைக் காட்டினார். நல்லா இருக்கே, இதைப் போட்டுக்கிட்டு இங்கிலாந்தை ஜெயிப்போம் என்கிற தோரணையில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யார் பேசுவது? மோஸ்கெல்லா மறுபடி ஓடி 38 சட்டை வாங்கி வந்தார்.

கடைச் சட்டையில் கால்பந்துச் சங்கத்தின் சின்னம் ஏது, எண் ஏது? கிளப் அமெரிக்காவின் தையல்காரப் பெண்கள் ஊசியோடு உட்கார்ந்தார்கள். அவசரத்தில் கிடைத்த சின்னம் பழைய மாதிரி, சுற்றியிருக்க வேண்டிய இலைக்கொத்தைக் காணோம். எண்களோ அதைவிடக் கூத்து. அமெரிக்கன் ஃபுட்பால்காரர்கள் போடுகிற பளபள வெள்ளி எண்கள்! இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி ஒட்டினார்கள். அடுத்த முறை அந்தப் புகைப்படம் கண்ணில் பட்டால் முதுகிலிருக்கும் 10ஐ உற்றுப் பாருங்கள். வேறு ஏதோ விளையாட்டிலிருந்து கடன் வாங்கியது போலவே இருக்கும். கடன் வாங்கியதுதான்!

பழைய பாக்கி

சட்டை என்றதும் இன்னொரு சட்டை ஞாபகம் வருகிறது. இருபது வருஷம் பின்னால் லண்டன் வெம்ப்ளிக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். 1966 ஜூலை 23, இதே இரண்டு அணிகள், இதே காலிறுதி. அர்ஜென்டினா தலைவர் அன்டோனியோ ராட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியே போகச் சொன்னார். ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது, நடுவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் கேட்டு நின்றார், நகரவே மாட்டேன் என்றார். கடைசியில் வெளியேறியவர், ராணிக்கு விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார்! மூலைக்கொடியையும் போகிறபோக்கில் கசக்கிவிட்டுப் போனார்.

இங்கிலாந்து 1-0 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் ஜார்ஜ் கோஹன் வழக்கப்படி அர்ஜென்டினாக்காரர் ஒருவரோடு சட்டை மாற்றிக்கொள்ளப் போனார். பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சி ஓடி வந்து தடுத்தார். சட்டையின் ஒரு கையை ராம்சி இழுக்க, மறு பக்கம் இன்னொருவர் பிடிக்க, அது ரப்பர் போல நீண்டு நிற்கும் படம் இன்றைக்கும் உலவுகிறது. அந்தக் குழப்பத்திலிருந்துதான் நடுவர் குழுவைச் சேர்ந்த கென் ஆஸ்டனுக்கு மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை யோசனை பிறந்தது. 1970 உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு வந்தது விளையாட்டில்லை. 1982இல் மால்வினாஸ் தீவுகளுக்காக, ஆங்கிலேயர் வாயில் ஃபாக்லாந்து, இரு நாடுகளும் போரிட்டன. அர்ஜென்டினா 649 பேரை இழந்தது, பிரிட்டிஷ் படை 255 பேரை இழந்தது. அது முடிந்து நான்கே வருஷத்தில்தான் அஸ்டெகா. இரு அணியினரும் பத்திரிகைக்காரர்களிடம் இது வெறும் கால்பந்து என்றார்கள். மரடோனா பின்னாளில் தன் சுயசரிதையில், அது பொய், மனசுக்குள் வேறு எதுவும் ஓடவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கோட்டோரம்

சரி, அஸ்டெகாவுக்குத் திரும்பி வந்து கோட்டோரம் குந்திக்கொள்வோம். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் பந்தைப் பின்பக்கமாகத் தூக்கிவிட்டார். 1.65 மீட்டர் மரடோனாவும் 1.85 மீட்டர் கோலி பீட்டர் ஷில்டனும் எகிறினார்கள். அளவுநாடா வைத்தால் ஜெயிக்க வேண்டியவர் ஷில்டன். பந்து வலைக்குள்!

துனீசிய நடுவர் அலி பின் நாசர் பல்கேரிய லைன்ஸ்மேன் போக்டான் டோசெவைப் பார்த்தார். டோசெவ் நடுக்கோட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார், அதாவது கோல். தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவரை நம்பு என்பது ஃபிஃபா உத்தரவு, நம்பினேன் என்பார் பின் நாசர். லைன்ஸ்மேன் தானாக வாய் திறக்க அப்போது விதி இடம் தரவில்லை என்பார் டோசெவ். 2017இல் சாகும்வரை அவருக்கு அந்தக் கசப்பு போகவில்லை.

இதற்கிடையே மரடோனா கோலுக்குப் பின் என்ன செய்தார் தெரியுமா? ஓடிக்கொண்டே சக ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார். வந்து கட்டிப்பிடியுங்கள், இல்லாவிட்டால் நடுவர் கோல் தரமாட்டார் என்றாராம். மாம்பழம் திருடியவன் மற்ற பையன்களையும் கூப்பிட்டுக் கையில் ஆளுக்கொன்று திணிப்பது போல! கேட்டவர்களிடம் அது கொஞ்சம் மரடோனாவின் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்றார். இங்கிலாந்துப் பயிற்சியாளர் பாபி ராப்சன் அதைக் கடவுள் கணக்கில் எழுதச் சம்மதிக்கவில்லை. அது ஒரு போக்கிரியின் கை என்றார்.

குளியலறை

மன்னிக்கவும், இங்கே கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு காதைமட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். ஷவரில் மரடோனாவும் சக ஆட்டக்காரர் வால்டானோவும் பேசுகிறார்கள்.

இரண்டாவது கோல் தெரியுமே. பத்து நொடி, பந்தைத் தொட்டதெல்லாம் இடது கால், தாண்டியதெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள்: பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக், மறுபடியும் புட்சர், கடைசியில் ஷில்டன். 2002இல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் ரசிகர்கள் நூற்றாண்டின் கோலாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அந்த ஓட்டம் முழுக்க வால்டானோ பக்கவாட்டில், பாஸ் வரும், பாஸ் வரும் என்று கூடவே ஓடினார். ஷவரில் மரடோனா சமாதானம் சொன்னார்: உன்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், தரத் தோதாக வழி கிடைக்கவில்லை. வால்டானோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேரை வெட்டிக்கொண்டு ஓடும்போது என்னையும் கவனித்தாயா? இது அவமானம்யா!

இன்னொரு ரகசியமும் உண்டு. 1980இல் வெம்ப்ளியில் இதேபோல் இங்கிலாந்துக்காரர்களைக் கடந்து போய்க் கடைசி உதையை வெளியே அடித்திருந்தார் மரடோனா. கோலியையும் தாண்டிப் போயிருக்கணும், அவசரப்பட்டுவிட்டாயே என்று குட்டித் தம்பி குறை சொன்னான். அஸ்டெகாவில் ஷில்டனைத் தாண்டிப் போனது தம்பி சொன்ன பாடம்! மைதானத்தின் நடுவே சாதாரணமாக ஒரு பாஸ் கொடுத்த ஹெக்டர் என்ரிகே சும்மா இருப்பாரா? நான் கொடுத்த பாஸுக்கு அவன் கோல் போடாமல் இருந்தால்தான் தப்பு என்று அன்றிலிருந்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறார்.

குப்பி அறை

ஊக்கமருந்துப் பரிசோதனை அறை. இங்கே தப்பித்து ஓட முடியாது, சிறுநீர் வரும்வரை உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒரே அறையில் டெர்ரி புட்சரும் மரடோனாவும்! ஒரே கோலில் இரண்டு தரம் ஏமாற்றப்பட்ட புட்சர் சைகையில் கேட்டார்: தலையா, கையா? மரடோனா அப்பாவியாகத் தலையைத் தொட்டுக் காட்டினார்.

புட்சர் மறக்கவேயில்லை. 2008 நவம்பரில் அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக மரடோனா முதல் ஆட்டத்துக்கு வந்த இடம் கிளாஸ்கோ. ஸ்காட்லாந்தின் துணைப் பயிற்சியாளர் யார்? சாட்சாத் புட்சர்! ஸ்காட்லாந்து ரசிகர்களோ இங்கிலாந்தைக் கவிழ்த்தவன் வந்துவிட்டான் என்று மரடோனாவுக்குத் திருவிழாவே நடத்தினார்கள்.

ரசிகர்கள் சும்மா இருக்கிற ஜாதியா? அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் 1998இல் மரடோனாவுக்கு ஒரு 'திருச்சபை'யே தொடங்கினார்கள். அவர் பிறந்த அக்டோபர் 30 அவர்களுக்குக் கிறிஸ்துமஸ், ஜூன் 22 ஈஸ்டர். சேர வருகிறவர் கையால் பந்தைத் தட்டி அந்த முதல் கோலை நடித்துக் காட்ட வேண்டும், அதுதான் ஞானஸ்நானம்! இங்கிலாந்து ரசிகர் வேறு காட்சியைப் பிடித்துத் தொங்குவார். மாற்று ஆட்டக்காரராக வந்த ஜான் பார்ன்ஸ் இடப்பக்கம் கிழித்துக்கொண்டு போய்க் கொடுத்த பந்தில்தான் லினேகர் கோல் போட்டார். இன்னொன்றும் அதேபோல் வந்தது. லினேகர் தலையை நீட்ட, அர்ஜென்டினாவின் ஒலார்டிகோசியா பிடரியால் அதைத் தள்ளிவிட்டார். பார்ன்ஸைப் பத்து நிமிடம் முன்னால் இறக்கியிருந்தால்... என்று இழுப்பார்கள் பாருங்கள், அந்த இழுப்பு இன்னும் முடியவில்லை.

சுரங்கப் பாதை

கடைசியாக, ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் வழி. முதல் கோலுக்குத் தெரியாமல் பந்து எடுத்துக் கொடுத்த அதே ஸ்டீவ் ஹாட்ஜ் எதிரே வரும் மரடோனாவைப் பார்த்துச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். மாற்றிக்கலாமா? இருவரும் கழற்றி மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ராம்சி பிடித்து இழுத்த சட்டைக்கு இருபது வருஷம் கழித்து இப்படியொரு பதில்!

ஹாட்ஜ் அதைப் பல காலம் வைத்திருந்தார், அப்புறம் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்தார். 2022 மே மாதம் சோத்பிஸ் ஏலத்தில் அது 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதே வருஷம் நவம்பரில் பின் நாசர் தன் வசமிருந்த பந்தை விற்றார், 20 லட்சம் பவுண்டு. அவரிடம் மரடோனாவுக்குக் கோபம் ஏது? 2015இல் துனீசியாவுக்கே தேடிப்போய், என்றைக்கும் என் நண்பன் என்று எழுதிக் கையெழுத்திட்ட சட்டையைக் கொடுத்தவர் ஆயிற்றே!

ஏலத்துக்கு முன்னால் ஒரு பரபரப்பு. மரடோனாவின் மகள் டால்மா, இது அப்பா கோல் போட்டபோது அணிந்த சட்டையில்லை, முதல் பாதியில் போட்டது என்றார். ஏலக்காரர்கள் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, சட்டையோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார்கள். எதை வைத்து? கோடுகளை, ஒட்டிய எண்களை, தைத்த சின்னத்தை வைத்து. ஆலையில் அச்சு மாதிரி வந்திருந்தால் 38 சட்டையும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து தைத்த வேலையில் ஒன்றைப்போல் ஒன்று அமையுமா என்ன?

அந்த நாளில் ஒரு கையைத்தான் உலகம் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறது. கிளம்பும்போது தையல் அறைப் பக்கம் இன்னொரு தரம் எட்டிப் பாருங்கள். அங்கே எத்தனை கைகள்!