கிழிந்த மழைப்படங்கு

மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால், டிக்கோயாப் பள்ளத்தாக்கில் வெயிலைக் காண்பது அரிது. அட்டனிலிருந்து நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்லும் சாலையின் இருமருங்கிலும் உயர்ந்து நிற்கும் சரிவுகள் முகிலுக்குள் மறைந்து கிடக்கும். செப்டெம்பர் வரையில் பெரும்பாலும் இதுவே நிலை. ஆயினும், மழை ஓயட்டும் என்று கொழுந்து காத்திருப்பதில்லை. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து மலையேறும் பெண், நனைந்த செடிகளுக்கிடையே மாலை வரை நின்றாக வேண்டும். வானத்திலிருந்து பெய்யும் மழை ஒரு பங்கென்றால், இடுப்பளவு வளர்ந்த செடியின் இலைகளிலிருந்து ஆடையில் இறங்கும் நீர் மற்றொரு பங்கு. அதனாலேயே தலையையும் முதுகையும் மூட ஒன்றும், இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒன்றுமாக இரண்டு காப்புகள் அவளுக்கு வேண்டியிருக்கின்றன. இவற்றில் ஒன்று கிழிந்தாலும் நீர் உள்ளே புகும். உடல் நனைந்தால் விரல் விறைக்கும். விரல் விறைத்தால் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் சம்பளமும் குறையும். இருமலும் காய்ச்சலும் வேறு. ஒரு சாண் கிழிசலின் விலை இவ்வளவு என்றால் மிகையாகாது.

முற்காலத்தில் இம்மலைகளில் மழைக்குக் காப்பாக இருந்தது கம்பளியே. தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் அந்த முரட்டுப் போர்வை நீரை முற்றாகத் தடுப்பதன்று. ஆனால் ஆட்டு மயிரில் இயற்கையாகவே ஊறியிருக்கும் ஒருவகைக் கொழுப்பு நீர்த்துளிகளை வழுகி ஓடச் செய்கிறது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். அதனைச் செப்பனிடுவதும் எளிது. கிழிந்த இடத்தில் கம்பளி நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிட்டால், நனைந்து உலரும்போது இழைகள் தாமே ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். கொதிநீரில் மட்டும் துவைக்கலாகாது, துவைத்தால் சுருங்கிவிடும்.

இன்று இடுப்பில் கட்டப்படும் படங்கும், மேலே போர்த்தப்படும் பிளாஸ்டிக் விரிப்பும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. நீர்புகாத் துணியின் வரலாறு 1823 ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்ரொஷ் பெற்ற உரிமத்தோடு புதிய திருப்பம் பெற்றது. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கிடையே பூசி, அவற்றை ஒன்றாக ஒட்டினார் அவர். அவ்வங்கி குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. அதனினும் பெரிய தொல்லை தையற்காரரால் வந்தது. அவர் ஊசி குத்திய துளைகள் வழியாகவெல்லாம் மழை உள்ளே இறங்கியது! இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்ள்ஸ் குட்இயர் 1844 இல் உரிமம் பெற்ற பின்னரே முதற் குறைகள் நீங்கின. ஊசித்துளை பற்றிய தொல்லையோ இன்றும் தீரவில்லை. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். மலையில் தேயிலையும் தாழ்நிலத்தில் இறப்பருமாக வளர்ந்த நாட்டில், மழைக்காப்புக்குரிய பொருள் தொலைவில் இல்லை.

கிழிசல் எங்கே உண்டாகிறது? கவ்வாத்து வெட்டிய செடியின் கூரிய கிளை முனை படங்கின் முன்புறத்தைக் கீறுகிறது. கூடையோ சாக்கோ தொங்கும் கயிறு தலைப்பக்கத்தை இடைவிடாது தேய்க்கிறது. நாள்தோறும் ஒரே கோட்டில் மடித்து வைப்பதால் மடிப்பு வெடிக்கிறது. இவையெல்லாம் போதாவென்று, லயத்து அடுப்பின் மேலே உலர்த்தப் போட்ட விரிப்பு இளகிப் பொத்தலாவதும் உண்டு.

செப்பனிடுவதற்கு முன், பொருள் இன்னதென்று அறிய வேண்டும். ஒரு பசை எல்லாவற்றிலும் ஒட்டும் என்று எண்ணுவதே பலர் செய்யும் தவறு. விரிப்பின் ஓரத்திலிருந்து நகத்தளவு துண்டொன்றை வெட்டி, காற்றுக் குமிழிகள் ஒட்டாதவாறு விரலால் துடைத்து நீருக்குள் அமிழ்த்திவிட வேண்டும். மேலே வந்து மிதந்தால் அது பொலித்தீன் இனம். மூழ்கினால் பெரும்பாலும் பீ.வீ.சீ. பூச்சுடையதாகவோ இறப்பர் பூச்சுடையதாகவோ இருக்கும்.

பொலித்தீனில் சாதாரணப் பசை எதுவும் நிலைப்பதில்லை. அதன் மேற்பரப்பு மெழுகு போன்றது. பசை காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும். அதனை இணைக்க வெப்பமே வழி. கிழிசலைவிட எப்பக்கமும் இரண்டு விரலகலம் கூடிய பொலித்தீன் துண்டொன்றை வைத்து, அதன்மேல் அச்சு மை இல்லாத தாளை விரித்து, மிதமாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியால் மெல்ல அழுத்த வேண்டும். சூடு மிகுந்தால் விரிப்பு சுருங்கி ஓட்டையாகும். ஆகையால் வீணான துண்டு ஒன்றில் முதலில் பழகிப் பார்ப்பது நலம். நெருப்பில் நேரே காட்டலாகாது. உருகி ஒழுகும் பொலித்தீன் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பீ.வீ.சீ. என்றால் சூடேற்றும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கருகும்போது அது மூச்சைத் தாக்கும் அமிலப் புகையை வெளிவிடும்.

சைக்கிள் டியூப் ஒட்டுவதற்கு வாங்கும் சொலூஷன், இறப்பர் பூச்சுள்ள துணிக்கு நன்கு பயன்படும். பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டே ஒட்டுப்போடப் போதும். இரு பரப்புகளையும் சுத்தமாக்கி, உலர்த்தி, உப்புத்தாளால் இலேசாகச் சுரண்டி, இரண்டிலும் பசை பூசிச் சில நிமிடம் ஆறவிட்டு, ஒட்டுப்பொட்டு நிலை வந்த பின்னரே சேர்த்தழுத்த வேண்டும். ஈரம் இருக்கும்போது அவசரப்பட்டு ஒட்டியது மறுநாள் மழையிலேயே பெயர்ந்துவிடும். இப்பசையின் ஆவி எளிதில் தீப்பற்றுவது. குப்பி விளக்கையும் அடுப்பையும் விட்டு விலகியிருந்து செய்ய வேண்டிய வேலை இது. பீ.வீ.சீ. பூச்சில் இப்பசை நெடுநாள் நில்லாது. காற்றடைத்த பொம்மைகளை ஒட்டுவதற்கென விற்கப்படும், காய்ந்த பின்னும் வளையும் பசையே அதற்கு ஏற்றது. தண்ணீர்க் குழாய்க்குரிய பசை ஒட்டும்தான். ஆனால் இறுகிக் கட்டியாகி, மடிக்கும்போது வெடித்துவிடும்.

எந்தப் பொருளானாலும் சில விதிகள் பொது. கிழிசலின் முனை கூராக இருந்தால் இழுவிசை முழுவதும் அங்கே குவிந்து, கிழிசல் மேலும் ஓடும். முனையைச் சிறு வட்டமாக வெட்டிவிட்டால் ஓட்டம் நிற்கும். ஒட்டுத்துண்டின் மூலைகளையும் வட்டமாக்க வேண்டும். சதுர மூலையே முதலில் உரிகிறது. நீளக் கிழிசலைத் தைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், தையல் நெருக்கமாக இருக்கலாகாது. நெருங்கிய துளைகள் அஞ்சல் முத்திரையின் ஓரம்போலாகி, அந்தக் கோட்டிலேயே மீண்டும் கிழியும். நூலை மெழுகில் இழுத்துத் தைத்து, அதன்மேல் அப்பொருளுக்கு ஏற்ற முறையில் ஒட்டுத்துண்டு வைப்பதே முறை. துண்டை வெளிப்புறம் வைக்கும்போது அதன் மேல்விளிம்பை மிகக் கவனமாக ஒட்ட வேண்டும். சரிவில் ஓடிவரும் நீர் முதலில் மோதுவது அங்கேதான். லயத்துக் கூரையில் மேல்தகரம் கீழ்த்தகரத்தின்மேல் படிந்திருக்கும் காரணமும் இதுவே.

மலையிலேயே கிழிந்துவிட்டால்? உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளும் புறமும் பசை நாடாவை ஒட்டினால் அன்றைய பொழுது கழியும். வீடு சேர்ந்ததும் நாடாவை உரித்து, பசைக்கறையைப் போக்கி, முறையாகச் செப்பனிட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஓரிரவு நிழலில் தொங்கவிட்டு, காலையில் ஒட்டுப்போட்ட இடத்தைக் குழிபோலப் பிடித்து ஒரு செம்பு நீர் ஊற்றிப் பார்க்கலாம். அடியில் ஒரு துளியும் அரும்பாவிட்டால், படங்கை உதறி, பழைய மடிப்பில் அல்லாமல் வேறோரிடத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் புறப்படலாம்.