விரல் நுனி காட்டும் இடம்

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் காலைப் பேருந்தில், மடியில் ஸ்கேன் பையை வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வயிற்றுவலிக்காரராக இருந்தால் பை கனமாகவே இருக்கும். எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சு, ஸ்கேன் பார்த்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல். வாய்வு மாத்திரையும் அல்சர் மாத்திரையும் வருஷக்கணக்கில் உள்ளே போகின்றன; வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைசியில் வீட்டிலேயே "உனக்கு வலி மனசுலதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக் கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

வயிறு என்றதும் இரைப்பை, குடல், கர்ப்பப்பை என்று உள்ளே இருப்பவைதான் நினைவுக்கு வரும். அவற்றை மூடித் தோலும் கொழுப்பும் தசையுமாக ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரும் வலிக்கும். மார்பு முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்புகளில் 7-ஆவதிலிருந்து 12-ஆவது வரை உள்ளவை, விலாவை ஒட்டி வளைந்து, தசை அடுக்குகளுக்கு இடையே நுழைந்து வயிற்றின் முன்பக்கம் வருகின்றன. தொப்புளுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் நேர்தசையின் ஓரத்தில் சட்டென்று திரும்பி, கெட்டியான நார் வளையம் ஒன்றின் வழியே தோலை நோக்கி ஏறுகின்றன. சிக்கல் அந்தத் திருப்பத்தில்தான். வீங்கிய மணிக்கட்டில் பழைய வளையல் இறுக்குவதுபோல, வளையம் நரம்பை நெரிக்கிறது.

நரம்பு நெரிபடுவது ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் ஸ்கேன் தேடியது அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். வலி பொய் என்று அர்த்தமில்லை.

கண்டுபிடிக்க வேண்டியது விரலால். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால், குடல்வலிக்காரர் உள்ளங்கையால் வயிற்றைத் தடவிக் காட்டுவார். நரம்பு சிக்கியவர் ஒற்றை விரலை வைத்து, "இந்தா, இங்கதாங்க" என்பார். நேற்றும் அதே இடம், போன வருஷமும் அதே இடம். மருத்துவர் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்த இடத்தைத் தன் விரல் நுனியால் அழுத்துகிறார். விரலை எடுக்காமலே, "கையை மார்பில் கட்டிக்கிட்டுத் தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க" என்கிறார். வயிற்றுத் தசை பலகைபோல் இறுகுகிறது. வலி உள்ளுறுப்பில் என்றால் இறுகிய தசை விரலைத் தடுத்துவிடும், வலி குறையும். வலி சுவரிலேயே என்றால் குறையாது, கூடும். முகம் சுளித்து "அய்யோ" என்பார்கள். ஃபிலடெல்ஃபியாவின் அறுவை மருத்துவர் ஜான் கார்னெட் 1926-இல் எழுதிவைத்த சோதனை இது. செலவு ஒரு பைசா இல்லை, ஒரு நிமிஷம்கூட ஆகாது. நூறு வருஷமாகியும் கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இதைச் செய்ய நேரமில்லாமல் போவதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது தோல். வலிக்கும் இடத்தைச் சுற்றிப் பஞ்சாலும், ஸ்பிரிட் நனைத்த பஞ்சாலும் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மரத்ததுபோலவோ மறுபக்கத்தைவிடக் கூசுவதுபோலவோ இருக்கும். தோலைக் கிள்ளித் தூக்கினால் சுரீரென்கும்.

பிறகு ஊசி. பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே லிக்னோகெயின். சரியாக அந்தப் புள்ளியில் சில மில்லி இறக்கினால், கால் மணி நேரத்தில் வலி பாதிக்குமேல் இறங்க வேண்டும். வெறும் நம்பிக்கையால் வலி குறைந்ததோ என்ற கேள்வி நியாயமானதே. நெதர்லாந்தின் வெல்டோவன் ஊரில் இதற்கென்றே உழைக்கும் மருத்துவர் குழு அதைச் சோதித்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டது. 48 பேரில் பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. மருந்து போட்ட 24 பேரில் 13 பேருக்கு வலி தணிந்தது, உப்புநீர் போட்ட 24 பேரில் 4 பேருக்கு.

இந்த நரம்புச் சிக்கல் யாருக்கு வரும்? பல நேரம் காரணமே தெரிவதில்லை. பிரசவம், விடாத இருமல், திடீரென்று ஏறிய எடை ஆகியவற்றுக்குப் பின் வருவதுண்டு. செட்டிகுளம் பக்கம் குத்தவைத்து வெங்காயம் பிடுங்குவது, ஜெயங்கொண்டம் முந்திரித் தோப்பில் குனிந்து பொறுக்குவது, அரியலூரில் சிமென்ட் மூட்டை ஏற்றுவது எல்லாம் நோயை உண்டாக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிக்கிய நரம்பை இழுத்து வலியைக் கூட்டும் அசைவுகள் இவை. சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, குடல்வால் ஆபரேஷன் தழும்பின் ஓரத்திலும் நரம்பு மாட்டிக்கொள்ளும். தழும்பின் மூலையில் விரல் வைத்துக் காட்டும் பெண்ணிடம் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று சொல்வதற்கு முன், தசையை இறுக்கி ஒருமுறை அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒற்றைப் புள்ளி வலியெல்லாம் நரம்பு சிக்கிய வலியாகிவிடாது. சிறிய குடலிறக்கமும் தசையை இறுக்கினால் வலிக்கும். அக்கி, கொப்புளம் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே ஒரு பக்கமாக எரியும். எழுதிக்கொள்ளக் குயவர் வீட்டுக்கு நடப்பதைவிட, கொப்புளம் கண்டதுமே மருத்துவரிடம் போனால் மாத்திரை நன்றாக வேலை செய்யும். நெடுநாள் சர்க்கரையும் இதே நரம்புகளைக் கெடுக்கும். முதுகுத்தண்டுக் காசநோயின் வலி வயிற்றைச் சுற்றி வரும், அதனால் முதுகையும் தட்டிப் பார்க்க வேண்டும். எடை குறைதல், கறுப்பு மலம், காய்ச்சல், மஞ்சள்காமாலை, விடாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே தேடுவதை நிறுத்தக்கூடாது. நேற்று ராத்திரி கிளம்பிய கடும் வலிக்கு இந்தத் தலைதூக்கும் சோதனையை நம்பக்கூடாது. அது அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய வலி.

ஊசியிலேயே சிலருக்கு முழுக்கக் குணமாகும், சிலருக்குச் சில முறை போட வேண்டியிருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் சிக்கிய நரம்புக் கிளையை வெட்டி எடுக்கலாம். அதே நெதர்லாந்துக் குழுவின் இன்னொரு 2013 ஆய்வில், நரம்பை எடுத்த 22 பேரில் 16 பேருக்குப் பலன். தோலைத் திறந்து நரம்பைத் தொடாமல் மூடிய 22 பேரில் 4 பேருக்கு.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அறுவைப் பிரிவுக்கோ வேறெங்கோ போகும்போது, பையைப் பிரிப்பதற்கு முன் விரல் வைத்துக் காட்டுங்கள். "இதே இடந்தாங்க, இத்தனை மாசமா. எந்திரிச்சு உக்காந்தா கூடுது, சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. படுக்கவச்சு, தலையைத் தூக்கச் சொல்லி அழுத்திப் பாருங்க" என்று சொல்லுங்கள். ஊசி போட்டால், எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு வலி திரும்பியது என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.